அட்டிலா சீரிஸ்ல நான் பாத்த வேலை

விஎஃப்எக்ஸ்ல, அதாவது படத்துக்கு கம்ப்யூட்டர்ல பண்ற காட்சி வேலைல, ரோட்டோன்னு ஒரு டிபார்ட்மென்ட் இருக்கு, சென்னைல நிறைய பேருக்கு சோறு போடுறதே அதுதான். ஷாட்ல இருக்கற ஆளையோ குதிரையையோ பின்னாடி இருக்கறதுலேர்ந்து தனியா பிரிச்சுக் குடுக்கணும், சுத்தி ஷேப் போட்டு ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்தணும். செகண்டுக்கு 24 ஃப்ரேம், அஞ்சு செகண்ட் ஷாட்டுன்னா 120. ஆளு நின்னுக்கிட்டு வசனம் பேசுனா சீக்கிரம் முடிஞ்சிரும், ஆனா குதிரை ஓடுச்சுன்னா நாலு காலு, வாலு, பிடரி மயிர், அதுமேல புழுதி, எல்லாத்துலயும் மோஷன் ப்ளர் (வேகத்துல ஓரமெல்லாம் மங்கித் தெரியறது), அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போன மாதிரிதான்.

அட்டிலா பத்தின ஒரு வெளிநாட்டு சீரிஸ் எங்ககிட்ட வந்துச்சு. ஹூணர்களோட ராஜா, கி.பி. 434லேர்ந்து 453 வரைக்கும் ரோமானியங்கள தூங்கவிடாம பண்ணுன ஆளு. ஹூணர்னாலே குதிரை, அதனால ஷாட்டுக்கு ஷாட் குதிரை. முதல் வாரத்துல நான் ஒரு பிடரிய கொஞ்சம் நல்லா பண்ணிட்டேன், க்ளையண்ட் ஒரு நோட்ஸ் கூட போடாம அப்ரூவ் பண்ணிட்டாங்க. அதோட முடிஞ்சுது கதை. "குதிரையா? அவன்கிட்ட குடு"ன்னு எங்க லீட் ஆரம்பிச்சாரு, ப்ராஜெக்ட் முடியறவரைக்கும் மனுச மூஞ்சியே நான் பெருசா பாக்கல.

க்ளையண்ட் ஃபீட்பேக்குக்கு காத்திருக்கற நேரத்துல இந்தாளு யாருன்னு படிக்க ஆரம்பிச்சேன். அப்பதான் பிரிஸ்கஸ் மாட்டுனாரு. 449ல கிழக்கு ரோமோட தலைநகரம் கான்ஸ்டான்டிநோபிள்லேர்ந்து தூதுக்குழுவோட போய் அட்டிலா வீட்டு விருந்துல உக்காந்து சாப்ட்டு வந்து எழுதி வச்ச மனுசன். விருந்தாளிங்களுக்கு வெள்ளித் தட்டு, தங்கத்துலயும் வெள்ளியிலயும் கோப்பை. அட்டிலாவுக்கு மரத்தட்டுல வெறும் கறி, மரக் கோப்பை. டிரெஸ் சாதாரணம் ஆனா சுத்தமா இருந்துச்சாம், வாள்ல கூட தங்கம் கிடையாது. கோமாளி வந்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது இவர் மட்டும் அசையல, கடைக்குட்டி பையன் எர்னாக் பக்கத்துல வந்தப்ப மட்டும் கன்னத்தப் பிடிச்சு இழுத்து பாசமா பாத்தாராம்.

எங்க ஷாட்ல பாத்தா ஆளு ஆறடி, தோள்ல கரடித்தோல், எதுக்கெடுத்தாலும் கத்தல். குள்ளமா, பெரிய தலை, சின்ன கண்ணு, லேசா நரை விழுந்த தாடின்னுதான் பழைய குறிப்பு இருக்கு. 2001 டிவி தொடர்ல ஜெரார்ட் பட்லர், அதுக்கு முன்னாடி 1954ல ஆண்டனி குயின், எல்லாருமே வாட்டசாட்டமான ஆளுங்கதான். பிசினஸுக்கு அது வேணும், புரியுது. ஆனா எல்லாருக்கும் தங்கத்தக் குடுத்துட்டு தான் மட்டும் மரக் கோப்பைல குடிக்கறவன்தான் எனக்கு உண்மையிலயே பயங்கரமா தெரியறான், கத்தறவன் இல்ல.

பிரிஸ்கஸ் எழுதுனதுல என்னை விடாம பிடிச்சுக்கிட்டது வேற ஒருத்தன் கதை. அட்டிலாவுக்கு அடுத்த இடத்துல இருந்த ஒனெகேசியஸ் வீட்டுல ஒரு குளியல் மண்டபம். அந்தப் பக்கம் கல்லே கிடையாது, பன்னோனியாங்கற ரோமானிய மாகாணத்துலேர்ந்து கொண்டு வந்து கட்டுனாங்க. கட்டுனவன் சிர்மியம் ஊர்ல பிடிபட்ட கைதி. இவ்ளோ நல்லா கட்டிக் குடுத்தா விடுதலை பண்ணிருவாங்கன்னு நம்பி கட்டிருக்கான். அவங்க என்ன பண்ணாங்க, அந்தக் குளியல் மண்டபத்துலயே எல்லாரையும் குளிப்பாட்டற வேலைக்கு போட்டுட்டாங்க. பேரு கூட யாரும் எழுதி வைக்கல. இத பக்கத்து சீட்ல இருக்கறவன்கிட்ட சொன்னேன், அவன் சிரிக்கவே இல்ல, அவனும் ரொம்ப நாளா ரோட்டோலேர்ந்து கம்பாசிட்டிங்குக்கு (பிரிச்சதையெல்லாம் ஒண்ணா சேத்து ஷாட்ட முடிக்கற டிபார்ட்மென்ட்) மாத்தச் சொல்லி கேட்டுக்கிட்டு இருக்கறவன்.

நல்ல சீரிஸ் எடுக்கணும்னா அந்த தூதுப் பயணம் ஒண்ணே போதும்னு எனக்குத் தோணுது. குழுவோட போன மொழிபெயர்ப்பாளர் விகிலாஸுக்கு ரகசியமா இன்னொரு வேலை, அட்டிலாவக் கொல்ல ஆள் பிடிக்கறது, அதுக்கு 50 பவுண்டு தங்கம். தூதர் மாக்சிமினுஸுக்கு இது எதுவுமே தெரியாது. அட்டிலாவுக்கோ முன்னாடியே தெரியும், தெரிஞ்சுக்கிட்டேதான் சாப்பாடு போடறாரு. முக்காவாசி உக்காந்து பேசற சீன்தான் வரும், குதிரை ரொம்ப கம்மி, எடுத்தாங்கன்னா நானும் கொஞ்சம் மனுச மூஞ்சி பாக்கலாம்.