நொட்டாங்கை
2012 ஜனவரியில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வந்து இறங்கியபோது மகளுக்கு ஏழு வயது. இடக்கைக்காரி. திருச்சியில் அம்மாவிடம் அவள் தினமும் வாங்கிய திட்டு ஒன்றுதான்: "நொட்டாங்கையை நீட்டாதே, சோத்துக்கையால வாங்கு." இங்கே புதுப் பள்ளி, புரியாத பேச்சு. குளிர்காலம் முழுக்க வாய் திறக்காமலே இருந்தாள்.

ஒருநாள் பனியை உருட்டி மரத்தில் எறிந்துகொண்டிருந்தாள். நடைபாதைப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். "இடக்கையா! எங்கள் ஸ்பான் மாதிரி" என்றார்.

பேஸ்பாலில் பந்து எறிபவரான வாரன் ஸ்பான் யாரென்று அன்று எனக்குத் தெரியாது. பேஸ்பாலே தெரியாது. கிரிக்கெட்டில் கையை மடக்கி எறிந்தால் 'மாங்கா அடிக்கிறான்' என்போம். இங்கே அதுதான் ஆட்டமே. சற்று உயர்ந்த மண்மேட்டில் நின்று, அறுபதரை அடி தூரத்தில் இருப்பவருக்குத் தரையில் படாமல் எறிய வேண்டும்.

கோடை வந்ததும் பெரியவர் வீட்டுத் திண்ணையில் ரேடியோவும் கதையும் தொடங்கின. 1953-இல் பிரேவ்ஸ் பேஸ்பால் அணி பாஸ்டனிலிருந்து மில்வாக்கிக்கு மாறியபோது அவருக்கு எட்டு வயது. அந்த அணியோடு வந்தவர் ஸ்பான். 1942-இல் சில ஆட்டங்கள் ஆடி, எறிபவர் கணக்கில் சேரும் வெற்றி ஒன்றுகூட இல்லாமல் ராணுவத்துக்குப் போனவர். ஜெர்மனியில் ரெமாகன் பாலத்தில் காயம்பட்டு, 1946-இல் திரும்பி வந்துதான் முதல் வெற்றி. அப்போது வயது 25. அத்தனை தாமதமாகத் தொடங்கியும் மொத்தம் 363 வெற்றிகள். இடக்கைக்காரர்களில் இன்றுவரை அதைத் தாண்டியவர் இல்லை. வேகம் குறையக் குறையப் புதுப்புதுப் பந்துகளைக் கற்றுக்கொண்டார். 40 வயது நிறைந்த ஐந்தாம் நாள், எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு ஓடித் தளம் சேர்வது) கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார்.

பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னது 1963 ஜூலை 2 இரவைப் பற்றி. சான் பிரான்சிஸ்கோவில் ஆட்டம். 42 வயது ஸ்பானுக்கு எதிரே, எதிரணிக்காக எறிந்தவர் 25 வயது ஹுவான் மரிச்சால். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது பதினாறு வரை போனது. இருவருமே கடைசிவரை மேட்டைவிட்டு இறங்கவில்லை. கடைசியில் எதிரணியின் வில்லி மேஸ் அடித்த ஒரே ஹோம் ரன்னில் (நம்ம சிக்ஸர் மாதிரி) ஸ்பான் தோற்றார். மில்வாக்கியில் அப்போது விடியற்காலை இரண்டரை மணி. "அப்பாவும் நானும் ரேடியோவை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம்" என்பார். 1965 சீசனோடு பிரேவ்ஸ் அட்லாண்டாவுக்குப் போய்விட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

மகளுக்கு அவர்தான் எறியக் கற்றுக்கொடுத்தார். ஸ்பான் தூக்குவதுபோல வலது காலைத் தலை உயரத்துக்குத் தூக்கச் சொல்வார். இவள் விழுவாள், இருவரும் சிரிப்பார்கள். அவள் இங்கே சத்தம் போட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மறு கோடையில் அவள் எறிவதை வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன்.

"எந்தக் கையால எறியறா?"

"நொட்டாங்கைதாம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "இன்னொரு தடவை எறியச் சொல்லு" என்றாள்.