மைனஸில் நின்ற ஏழாம் கேள்வி

போன செமஸ்டர் இரண்டாம் ஆண்டுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்தேன். மூடுல் (Moodle) என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் வாராவாரம் ஒரு குவிஸ். முடிந்ததும் மார்க்கை எக்செலில் இறக்கி இன்டர்னலில் சேர்ப்பேன், அத்தோடு சரி. குவிஸ் பக்கத்திலேயே 'ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்று ஒரு ரிப்போர்ட் உண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைத் திறந்ததில்லை.

நான்காவது குவிஸில் மார்க் படுத்துவிட்டது. "இந்த பேட்ச் படிக்கிறதே இல்ல" என்று ஸ்டாஃப் ரூமில் புலம்பிவிட்டு, எந்தக் கேள்வியில் விழுந்தார்கள் பார்க்கலாமே என்று அதைத் திறந்தேன்.

அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஃபெசிலிட்டி இண்டெக்ஸ், கேள்வி எவ்வளவு சுலபம் என்பதைச் சொல்லும்: வகுப்பின் சராசரி மார்க், சதவீதத்தில். டிஸ்கிரிமினேஷன் இண்டெக்ஸ் வேறு மாதிரி. மற்ற கேள்விகளில் நன்றாகச் செய்தவர்கள் இதையும் சரியாகப் போட்டார்களா என்று பார்க்கும். அது மைனஸில் போனால், நன்றாகப் படிப்பவர்கள் தப்பாகவும் தடுமாறுபவர்கள் சரியாகவும் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏழாம் கேள்வி மைனஸில் இருந்தது.

கேள்வி இதுதான். பைனரி சர்ச் ட்ரீ என்பது ஒவ்வொரு எண்ணுக்கும் இடப்பக்கம் அதைவிடச் சின்னவை, வலப்பக்கம் பெரியவை என்று கிளைபிரித்து அடுக்குவது. அதில் 50, 30, 70, 20, 40, 60, 80 என்ற வரிசையில் சேர்க்கிறோம். 50-ஐ நீக்கினால் ரூட்டுக்கு, அதாவது அது இருந்த உச்சி இடத்துக்கு, எது வரும்? நான் வைத்திருந்த விடை 60, அதாவது வலப்பக்கத்தில் இருப்பதிலேயே சின்னது. ஆப்ஷனில் 40-ம் இருந்தது. இடப்பக்கத்தில் இருப்பதிலேயே பெரியதைக் கொண்டுவந்தாலும் ட்ரீ உடையாது. இரண்டுமே சரி. என் ஸ்லைடில் 60 பக்கத்து முறை மட்டும்தான் இருந்தது. அதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் தப்பித்தார்கள். கேட் (GATE) என்ற இன்ஜினியரிங் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்காக வெளியே வீடியோ பார்த்துப் படித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வெட்கமாக இருந்தது. 40-க்கும் முழு மார்க் வைத்து ரீகிரேட் போட்டேன், அதாவது எல்லார் விடையையும் மறுபடி திருத்த வைத்தேன். மறுநாள் வகுப்பில் சொல்லியும்விட்டேன்.

ஆனால் எல்லா எண்ணையும் இப்படி நம்பிவிட முடியாது. 62 பேர் வகுப்பில் இந்த இண்டெக்ஸ் லேசாக ஏறி இறங்குவதற்கெல்லாம் அர்த்தம் தேடக் கூடாது. மைனஸ் என்றால் மட்டும் நின்று பார்க்கிறேன். யார் எதை எப்போது திறந்தார்கள் என்று மூடுல் குறித்துவைக்கும் லாக் இன்னும் மோசம். நோட்ஸைத் திறக்காதவர்கள் லிஸ்ட் வேண்டும் என்று எங்கள் துறைத் தலைவர், ஹெச்ஓடி, கேட்டார். எடுத்தால் 11 பேர். கூப்பிட்டு விசாரித்தேன். "ரூம்ல ஒருத்தன் டவுன்லோட் பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவான் மேம்" என்றான் ஒருவன். ஹாஸ்டலில் நாலு பேரும் படிக்கிறார்கள், லாகில் ஒரே ஒரு பெயர்.

இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டி 2017-ல் 32,593 மாணவர்களின் கிளிக் கணக்கைப் பெயர் நீக்கி வெளியிட்டது. அங்கே படிப்பே தொலைதூரம். மாணவர் வந்தாரா என்று பார்க்கக் கிளிக்கை விட்டால் வேறு வழி குறைவு. என் பசங்கள் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த லிஸ்டை ஹெச்ஓடிக்கு அனுப்பவில்லை. வாயால் விளக்கம் சொன்னேன், முகம் சுளித்தார்.

ரீகிரேட் விஷயத்தைச் சொன்ன அன்று வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் மேசைக்கு வந்தாள். "மேம், அப்போ மூணாவது குவிஸ்ல ரெண்டாவது கேள்வியையும் கொஞ்சம் பாக்கறீங்களா?"

லேப்டாப்பை மறுபடி திறந்தேன்.