எட்டிப் பார்க்காமல் அரை மணி நேரம்

இதயத்தில் செயற்கை வால்வு இருப்பதால் ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறேன், ஷேவ் செய்யும்போது லேசாகக் கீறினாலே கால் மணி நேரம் கசியும் உடம்பு இது. அதனால் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னதும், நாலு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறேனே என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் வந்தால் அமுக்கி நிறுத்திவிடலாம், வால்வில் ரத்தம் கட்டி அது மூளைக்குப் போனால் எதை அமுக்குவது என்று கேட்டார். அதற்கப்புறம் பல்லைக் காட்டத் தவிர நான் வாயைத் திறக்கவில்லை.

பல் பிடுங்குவதற்கு முந்தின நாள் ஐஎன்ஆர் பார்த்தார்கள், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு அது, 2.6 இருந்தது. நான்குக்குக் கீழே இருப்பதால் மாத்திரையை நிறுத்தாமலே எடுக்கலாம் என்றார். ஏதாவது ஆனால் ராத்திரிக்குள்ளேயே திரும்பி வர வசதியாக இருக்கட்டும் என்று காலையிலேயே வரச் சொன்னார், ஆன்டிபயாடிக் ஒரு வேளை முன்கூட்டியே கொடுத்தார். பல் வந்ததே தெரியவில்லை. குழிக்குள் ரத்தத்தை உறைய வைக்கும் வலைத்துணி மாதிரி ஒன்றை வைத்து, இரண்டு தையல் போட்டு, துணியைக் கடிக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

கோளாறு நான் செய்ததுதான். வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை துணியை எடுத்துக் கண்ணாடியில் பார்ப்பது, துப்புவது, வாய் கொப்பளிப்பது. எச்சிலோடு கலந்தால் ஒரு சொட்டு ரத்தமும் குடம் ரத்தமாகத் தெரியும் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை. சாயங்காலம் பார்த்தால் குழிக்கு மேலே ஈரல் துண்டு மாதிரி கருஞ்சிவப்பாக ஒன்று வழவழவென்று தொங்கிக்கொண்டிருக்கிறது, அதன் ஓரத்திலிருந்து கசிவு நிற்கவே இல்லை.

போன் செய்தேன். கசிவை நிறுத்த உதவும் என்று கையில் கொடுத்திருந்த ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை எடுக்கச் சொன்னார். 500 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கலக்க வேண்டும், அது 5 சதவீதக் கரைசல் ஆகிவிடும். முழுசாகக் கரையாது, அடியில் மாவு தங்கும், நாக்கில் பட்டால் கசக்கும். தொங்கும் அந்த ரத்தக்கட்டியைச் சுத்தமான துணியால் துடைத்து எடுத்துவிட்டு, காஸ் துணியைச் சின்னதாக மடித்து அந்தத் தண்ணீரில் நனைத்துக் குழிமேல் வைத்துக் கடிக்க வேண்டும், அரை மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்து, நடுவில் எடுத்துப் பார்க்காமல். அப்படியும் நிற்காவிட்டால் உடனே கிளம்பி வாருங்கள் என்றார்.

கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் இந்த மருந்தைப் பற்றிப் படித்தேன். 1962-ல் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி வெளியிட்டது, பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கை நிறுத்த மருந்து தேடப் போய்க் கிடைத்ததாம். இது ரத்தத்தை உறைய வைப்பதில்லை. உறைந்ததைக் கரைக்க உடம்பிலேயே பிளாஸ்மின் என்று ஒன்று இருக்கிறது, அது உறைகட்டியில் ஒட்டவிடாமல் இந்த மருந்து குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். எச்சிலுக்கும் அந்தக் கரைக்கும் குணம் உண்டு. ஆக, கட்டியை உண்டாக்குவது என் கடி, மருந்து அதற்குக் காவல். காலையிலிருந்து நான் காவலே இல்லாத கட்டியைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பியிருக்கிறேன்!

முப்பத்தைந்து நிமிடம் கழித்து எடுத்தேன், பயத்தில் ஐந்து நிமிடம் கூடுதல். துணியில் இளஞ்சிவப்புக் கறை மட்டும்.

அடுத்த இரண்டு நாள் அதே கரைசலை ஒரு நாளைக்கு நாலு தடவை வாயில் வைத்துக்கொண்டேன். கொப்பளிக்கக் கூடாது, தலையை அந்தப் பக்கம் சாய்த்து இரண்டு நிமிடம் அப்படியே நிறுத்திவிட்டு, துப்பாமல் தானாக வழிந்து விழ விட வேண்டும். கேட்க அசிங்கமாக இருக்கும், அதுதான் சரியான முறை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வார்ஃபரினை ஒரு வேளைகூட விடவில்லை.

ஐந்தாம் நாள் குழிக்குள் வெள்ளையாக ஒரு படலம். சீழ் வைத்துவிட்டதோ என்று மறுபடியும் போன். வலி, நாற்றம், காய்ச்சல் ஏதும் இல்லையே என்று விசாரித்துவிட்டு, "அது ஆறிக்கொண்டிருக்கிறது, கண்ணாடியை முதலில் உள்ளே வையுங்கள்" என்றார்.