ஜோன்ஸ் கட்சிக்காரியின் கர்லிங் வாரம்

2024 பிப்ரவரி 16, வெள்ளி

கால்கரி வின்ஸ்போர்ட் அரங்கில் ஸ்காட்டீஸ் தொடங்கிவிட்டது. பனித்தளத்தில் கல்லை இலக்கு வட்டத்துக்குச் சறுக்கிவிடும் ஆட்டம்தான் கர்லிங். கனடாவின் தேசிய மகளிர் கர்லிங் போட்டியான இதற்கு 1982-லிருந்து டிஷ்யூ பேப்பர் கம்பெனிதான் புரவலர். பெயரும் அந்த டிஷ்யூவின் பெயர்தான். இங்கே யாரும் அதற்குச் சிரிப்பதில்லை.

மொத்தம் 18 அணிகள். நான் அணித்தலைவி ஜெனிஃபர் ஜோன்ஸ் கட்சி. வயது 49, ஆறு தேசியப் பட்டங்கள், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் தங்கம். நால்வர் ஆட்டத்தில் இதுவே கடைசிப் பருவம் என்று அறிவித்துவிட்டார். கூட ஆடும் மூவரும் 2020-இல் ஜூனியர் உலகப் பட்டம் வென்ற இளம் பெண்கள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஒரே நேரத்தில் நான்கு தளங்களில் நான்கு ஆட்டங்கள். எதைப் பார்ப்பது? டிவியில் இந்தத் தொல்லை இல்லை. ஆட்டக்காரர்களின் சட்டையில் மைக் இருப்பதால் வியூகச் சண்டையெல்லாம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். அரங்கில் கேட்பது கூச்சல் மட்டும்: "ஹர்ரி! ஹார்ட்!"

கிட்டத்தட்ட 20 கிலோ கிரானைட் கல். பனியின் மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைத்த மேடுகளில் அது வழுக்கிப் போகிறது. கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்தால் அது இன்னும் தூரம் போகும், வளைவதும் குறையும். எப்போது தேய்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் அந்தக் கூச்சல் எல்லாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ராத்திரி தூக்கம் வராமல் 2005 இறுதியாட்டத்தின் கடைசிக் கல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். செயின்ட் ஜான்ஸ் நகரம், கடைசி எண்ட், அதாவது கடைசிச் சுற்று. ஒன்டாரியோவின் ஜென் ஹானா 6-4 என முன்னிலையில் இருக்கிறார், அவருடைய கல் வட்டத்தின் நடுவில். நேராகப் போக ஜோன்ஸுக்கு வழியில்லை. வட்டத்துக்கு வெளியே ஓரமாக ஒரு கல் கிடக்கிறது. அதன்மேல் மோதித் திரும்பிய ஜோன்ஸின் கல் உள்ளே பாய்ந்து ஹானாவின் கல்லை வெளியேற்றுகிறது. உள்ளே நின்ற ஜோன்ஸின் கற்களுக்கு நான்கு புள்ளி, 8-6. அதைப் போய் அதிர்ஷ்டம் என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

இன்னொரு அணித்தலைவியான இந்த ரேச்சல் ஹோமன் தோற்கவே மாட்டேன் என்கிறார். எரிச்சலாக இருக்கிறது, மரியாதையாகவும் இருக்கிறது. 2019, 2020, 2021 என வரிசையாக மூன்று இறுதியாட்டங்களில் தோற்றவர். 2021-இல் கொரோனாவால் இதே கட்டடத்தில் ரசிகர்களே இல்லாமல் போட்டி நடந்தது. அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அந்த வயிற்றோடு குனிந்து, ஒரு காலில் சறுக்கிக் கல்லை விட்டவர்! இறுதியில் கெரி எய்னர்சனிடம் 9-7. அந்த எய்னர்சன் 2020 முதல் 2023 வரை வரிசையாக நான்கு பட்டம் எடுத்தவர்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஹோமனும் ஜோன்ஸும்தான் இறுதியில். வேறு யாரைக் கேட்டிருக்கப் போகிறேன்?

5-4. ஹோமன்.

பதினோரு ஆட்டம், பதினோரு வெற்றி, அவருக்கு நான்காவது பட்டம். ஜோன்ஸ் போனபோது எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினேன். ஒரு புள்ளியில் போனது போனதுதான், ஆறுதல் சொல்லாதீர்கள்.

மார்ச்சில் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துச் சிட்னியில் உலகப் போட்டி. 2019 இறுதியில் செல்சி கேரியிடம் ஹோமன் தோற்றது அதே ஊரில்தான். இனி ஹோமன் கட்சி. அவ்வளவு தூரம் போக முடியாது, டிவிதான்.