டெக்சாஸ் எல்லையில் 1570

சான் அன்டோனியோவிலிருந்து 90ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ 250 கி.மீ. போனால் டெல் ரியோ. அங்கே ரியோ கிராண்டே ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் மெக்சிகோவின் சியுதாத் அகூன்யா. பார்க்கச் சாதாரண எல்லை ஊர்தான். ஆனால் 1960களில் இரவு நேரத்தில் பழைய டிரான்சிஸ்டரைத் திருகிய அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இந்த ஊரின் எக்ஸ்.இ.ஆர்.எஃப். வானொலி நிலையம் மனப்பாடம்.

இவ்வளவு சின்ன ஊரில் அவ்வளவு பெரிய நிலையம் வந்ததற்குக் காரணம் எல்லையில் ஓடும் அந்த ஆறு. அமெரிக்காவில் ஏ.எம். (மீடியம் வேவ்) நிலையத்துக்கு உச்சவரம்பு 50 கிலோவாட். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்தச் சட்டம் செல்லாது. தவிர, அமெரிக்காவும் கனடாவும் அலைவரிசைகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு மெக்சிகோவைக் கழற்றிவிட்டிருந்தன. அந்தக் கடுப்பு மெக்சிகோவுக்கு இருந்தது. ஆட்டு விதையைப் பொருத்தி ஆண்மையை மீட்பதாகச் சொல்லி, கான்சாஸில் உரிமத்தைப் பறிகொடுத்த ஜான் பிரிங்க்லி 1931இல் இங்கே எக்ஸ்.இ.ஆர். நிலையத்தைத் திறந்தார். அடுத்து வந்த எக்ஸ்.இ.ஆர்.ஏ. 500 கிலோவாட் வரை போனது. அமெரிக்கப் பக்கம் உட்கார்ந்து தொலைபேசிக் கம்பி வழியாக அக்கரை நிலையத்தில் பேசுவதை 1934இல் அமெரிக்கா தடுத்தது. உடனே நிலையத்தார் நிகழ்ச்சியை இசைத்தட்டில் பதிந்து ஆற்றைக் கடத்தினார்கள்.

1947இல் வந்த எக்ஸ்.இ.ஆர்.எஃப்.பின் இடம் 1570 கிலோஹெர்ட்ஸ். உச்சக்கட்டத்தில் 250 கிலோவாட். கல்லாவை நிரப்பியது பாட்டு அல்ல, காசு கொடுத்து நேரம் வாங்கிய மதபோதகர்கள். அவர்கள் ஓய்ந்த பின்னிரவில்தான் ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற கறுப்பின இசை. 1963 கடைசியில் வந்த அறிவிப்பாளர் வுல்ஃப்மேன் ஜாக் ஓநாய் போல ஊளையிட்டுப் பாட்டுப் போட்டதும் இங்கேதான். சினிமாப் பாட்டை ஆகாசவாணி ஒதுக்கிய 1950களில் இலங்கை வானொலிக்குக் காது கொடுத்த நம்மவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

இப்போது எக்ஸ்.இ.ஆர்.எஃப்.பை நடத்துவது மெக்சிகோ அரசின் வானொலி நிறுவனம். பெயர் 'லா போதெரோசா', அதாவது வலிமை மிக்கவள். பழைய வலிமை இல்லை.

போகிறவர்களுக்கு: இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் திரும்பி வர அது பலமுறை நுழைவு விசாவாக இருக்கிறதா என்று பாலம் ஏறும் முன்பே பாருங்கள். அமெரிக்கக் கார் இன்ஷூரன்ஸ் பொதுவாக அக்கரையில் செல்லாது. வண்டியை டெல் ரியோவில் விட்டுவிடுவது நல்லது. பாலக் கட்டணத்துக்குச் சில்லறை டாலர் வேண்டும். கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இரு ஊருக்கும் ஒரே நேரம். நிலையத்தின் கோபுரத்தைப் பார்த்தால் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி. ஏ.எம். நிலையத்தில் பெரும்பாலும் கோபுரமேதான் ஆன்டெனா. வேலியைத் தாண்டித் தொட்டால் சுட்டுவிடும், உயிரும் போகலாம்.

கேட்பதுதான் விஷயம். அதற்கு அகூன்யாவுக்கே போக வேண்டும் என்றும் இல்லை. நம்மூரிலிருந்து கொண்டுபோன டிஜிட்டல் ரேடியோ 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் தாவும்: 1566, அடுத்து 1575. 1570இல் அது நிற்கவே நிற்காது. அமைப்பில் இடைவெளியை 10 என்று மாற்றுங்கள். மாற்ற வழியில்லாத செட் என்றால் முள் ஓடும் பழைய மாடலே மேல். போனில் ஏ.எம். கிடையாது; பல மின்சாரக் கார்களிலும் எடுத்துவிட்டார்கள்.

பகலில், வானத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றாலான அயனி அடுக்குகளில் கீழே இருப்பது மீடியம் வேவை விழுங்கிவிடும்; தரையை ஒட்டி ஓடும் நில அலை எட்டும் தூரம்தான் கேட்கும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைய, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் வான அலை நூற்றுக்கணக்கான கி.மீ. தாண்டி இறங்கும். நில அலையும் வான அலையும் சந்திக்கும் இடைத்தூரத்தில் மட்டும் இரண்டும் மோதிக்கொண்டு பாட்டு ஏறி இறங்கும், குரல் கோணும். அது ரேடியோவின் கோளாறல்ல, தட்டிப் பார்க்க வேண்டாம். கோடையில் இடிமின்னலின் கரகரப்பு அதிகம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்.

விடுதி அறை வேண்டாம், எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் காதைக் கிழிக்கும். டெல் ரியோவுக்கு வடமேற்கே அமிஸ்டாட் ஏரிக்கரை தோது. எஞ்சினை அணைத்துவிட்டு ரேடியோவை மெல்லச் சுழற்றுங்கள். உள்ளே ஆன்டெனாவாகக் கிடக்கும் ஃபெரைட் குச்சியின் முனை கோபுரத்தை நோக்கினால் ஒலி விழுந்துவிடும். அங்கிருந்து 90 பாகை திருப்பினால் எழும். விழுந்த நிலையில் குச்சியின் கோட்டிலேயே பார்த்தால் கோபுரம் அந்தக் கோட்டில்தான் எங்கோ நிற்கிறது.

பிடித்தது சரியான நிலையமா என்று சந்தேகம் வந்தால் நள்ளிரவு 12 வரை பொறுங்கள். மெக்சிகோ நிலையங்கள் அப்போது தேசிய கீதம் போடும்.