பெர்லினில் வாடகை வீடு: முதலில் தேட வேண்டியது பதியக்கூடிய முகவரி

பெர்லினுக்கு வேலை கிடைத்து வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம்?" என்றுதான். ஏரியாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வந்து இறங்கும் முதல் இடத்தில் உங்கள் பெயரை முகவரியில் பதிய முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். மற்ற எல்லாமே அதற்குப் பின்னால்தான் வரும்.

ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குள் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். இங்கே எல்லாரும் அன்மெல்டுங் என்பது இதைத்தான். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வருகிறது. அந்த எண்ணைக் கொடுக்காவிட்டால் சம்பளத்தில் வரியை ஆறாம் வகுப்பில், அதாவது மிக அதிகமாகப் பிடிப்பார்கள். சில வங்கிகள் பதிவுச் சான்று இல்லாமல் கணக்குத் திறப்பதில்லை. சம்பளச் சீட்டைப் பார்க்காமல் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் வீடு தருவதில்லை. வீடு இல்லாமல் பதிவும் இல்லை. இந்தச் சுற்றை எங்காவது ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

நான் அறுத்தது ஒரு தற்காலிக அறையில். கட்டில், மேசையோடு உள்வாடகைக்கு வந்த அறை அது. அதைவிட மலிவாக, நகரின் நடுவிலேயே வேறு அறைகள் இருந்தன. ஆனால் "அன்மெல்டுங் முடியாது" என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். வாடகை கூடினாலும் பரவாயில்லை என்று, நான் குடிவந்ததை உறுதிசெய்து கையெழுத்திட்டுத் தருவதாகச் சொன்னவரிடம் போனேன். பதிவுக்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அந்த உறுதிக் கடிதம் வேண்டும். அதைத் தருவது வீடு கொடுப்பவரின் சட்டக் கடமை. உள்வாடகை என்றால், வீட்டின் உரிமையாளர் அதற்குச் சம்மதித்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். பெர்லினில் எந்த வட்டாரத்து அலுவலகத்திலும் பதியலாம் என்பதால், பக்கத்து அலுவலகத்தில் முன்பதிவு நேரம் கிடைக்கவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

அறையில் இருந்தபடியே சொந்தமாக ஒரு வீடு தேடினேன். வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட், விசா நகல், ஷூஃபா அறிக்கை எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி வைத்துக்கொண்டேன். ஷூஃபா என்பது நம் கடன் நடத்தையைக் காட்டும் அறிக்கை. புதிதாக வந்தவருக்கு அதில் எழுத எதுவும் இருக்காது. வெறுமையாக இருப்பது கெட்ட பெயர் அல்ல. நிரந்தர வேலை ஒப்பந்தம் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. கூடவே யார், என்ன வேலை, எத்தனை பேர் குடியிருப்போம் என்று ஜெர்மனில் சிறு கடிதமும் எழுதினேன். ஆங்கிலத்தில் அனுப்பியபோது வராத பதில்கள் அதற்குப் பிறகு வந்தன.

அப்படி வந்த பதில்களில் ஒன்று மோசடி. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணத்தை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். கண்ணால் பார்க்காத வீட்டுக்கு, ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் ஒரு காசுகூட அனுப்பாதீர்கள்.

வீடு பார்க்கப் போகும் இடங்களில் மாடிப்படி வரை வரிசை நிற்கும். உள்ளே நிற்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எனக்கு வீடு கொடுத்த பெரியவர் சம்பளத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "குளிர்காலத்தில் ஜன்னலை எப்படித் திறப்பீர்கள்?" என்று கேட்டார். தினமும் இரண்டு மூன்று முறை எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து, சில நிமிடத்தில் மூடிவிடுவேன் என்றேன். சமைத்த ஆவியும் குளித்த ஈரமும் வெளியேறாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். பழைய கட்டட உரிமையாளர்களுக்கு அதுதான் பெரிய கவலை. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். பார்க்கப் போகும் முன் இதைத் தெரிந்துகொண்டு போவது, கோப்பில் இன்னொரு தாள் சேர்ப்பதைவிட மேல்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் வாடகைதாரர் சங்கத்தில் சேர்ந்தேன். அங்கே படித்துப் பார்த்தவர், இரண்டு வருடத்துக்குக் காலி செய்ய முடியாது என்ற வரியைக் காட்டினார். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இல்லாவிட்டால் மூன்று மாத அறிவிப்பில் போய்விடலாம். பெரியவரிடம் பேசியபோது ஒரு வருடமாகக் குறைத்துக்கொடுத்தார். கேட்கத் தயங்காதீர்கள்.

பணக் கணக்கில் கவனிக்க வேண்டியது, கால்ட் வாடகைக்கும் வார்ம் வாடகைக்கும் உள்ள வித்தியாசம். வீட்டுக்கு மட்டுமான வாடகை கால்ட். அதோடு பராமரிப்பு, தண்ணீர், பெரும்பாலும் வெப்பமூட்டும் செலவும் சேர்ந்தது வார்ம். மின்சாரமும் இணையமும் பொதுவாக அதிலும் வராது. முன்பணம் கால்ட் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமையும் உண்டு. தரகருக்கு, 2015 ஜூன் முதல், யார் அமர்த்தினாரோ அவர்தான் கட்டணம் தர வேண்டும். வீட்டுக்காரர் அமர்த்திய தரகர் உங்களிடம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இங்கே பல வீடுகளில் சமையலறை வெறும் சுவராக இருக்கும், அடுப்போ தொட்டியோ இருக்காது. முன்பு இருந்தவரிடமே அவற்றை விலைக்கு வாங்கி, என்னென்ன என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

சாவி வாங்கும் நாளில் அறை அறையாகப் படம் எடுங்கள். தரையில் உள்ள கீறல், மீட்டர் எண்கள் எல்லாம் ஒப்படைப்புத் தாளில் ஏற வேண்டும்; காலி செய்யும்போது முன்பணம் திரும்புவது அதைப் பொறுத்தது. புது முகவரியை மறுபடி இரண்டு வாரத்துக்குள் பதியுங்கள். அன்றைக்கே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் கடிதம் போடாமல் திருப்பி அனுப்பிவிடுவார், வங்கி அட்டையும் அப்படித்தான் போகும்.