வளைவுக்கு முன்னாலேயே பிரேக்

தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறை பக்கம் பைக்கில் போகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் ரெண்டு மழைக்காலம். ரப்பர் தோட்ட நிழலில் ரோடு சீக்கிரம் காயாது, வளைவில் நனைந்த சருகு வேறு கிடக்கும்.

வேகத்தைக் குறைப்பது, கியரை இறக்குவது எல்லாம் வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். டயருக்கு இருக்கிற பிடி ஓரளவுதான். சாய்வுக்கும் பிரேக்குக்கும் அதையேதான் பங்கு போடணும். சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைச் சடாரென்று பிடித்தால் முன் சக்கரம் வழுக்கிவிடும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு, கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் சாதாரண ஏபிஎஸ் சாய்வைக் கணக்கில் எடுக்காது.

வளைவுக்குள் நுழைந்ததும் ஆக்ஸிலேட்டரை லேசாக, ஒரே சீராகக் கொடுங்கள். எடை கொஞ்சம் பின்னால் போய் வண்டி நிதானப்படும். பயந்து சட்டென்று விட்டால் எடை முன்னால் வந்து வண்டி தள்ளாடும். கிளட்சை அமுக்கி உருட்டவும் வேண்டாம். வளைவின் முடிவு கண்ணில் பட்ட பிறகு முறுக்கலாம்.

எதிரே பஸ் நடு ரோட்டில் வந்துவிட்டால்? முதலில் ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு வண்டியை நிமிர்த்துங்கள். அப்புறம் ரெண்டு பிரேக்கும் சேர்த்து, முன் லீவரை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும்.